மெனு அண்ணன் வெட்ட விடாத போட்டோ

கேமரா வைத்திருக்கிற எல்லோரும் படம் எடுக்கிற பட்டனை அழுத்துவார்கள். மெனு அண்ணன் அந்த ஒரு பட்டனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அழுத்துவார். ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரைக்கும் தேடினாலும், ஒரு டிஜிட்டல் கேமராவின் வயிற்றுக்குள் அவ்வளவு தூரம் போய்வந்த மனிதர் கிடைக்கமாட்டார். அவர் போய்த் திரும்புவதற்குள் எதிரே நின்ற லாரி கிளம்பிப் போயிருக்கும் என்பது மட்டும்தான் குறை.

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எந்த நேரமும் கேமராவில் 'மெனு' என்ற பட்டனை அழுத்திக்கொண்டு நின்றதால் மெனு. புதிதாக வந்த லாரி டிரைவர் ஒருவர் இந்தப் பெயரைக் கேட்டு, அவரைக் கேன்டீன்காரர் என்று நினைத்துக்கொண்டு, மதியத்துக்குப் பிரியாணி உண்டா என்று விசாரித்தார். அண்ணன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், பிரியாணி தெரியாது, கிட்டப்போய் எடுக்கிற மேக்ரோ இருக்கிறது, பார்க்கிறாயா என்று கேட்டாராம்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்குக் கம்ப்யூட்டரில் என்ட்ரி போடுகிற வேலை. வெளியூர் போய்க் காலியாகத் திரும்புகிற கன்டெய்னர்களை உள்ளே எடுக்கும் முன், எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே ஓட்டை, எங்கே துரு என்று பார்த்துப் படம் எடுப்பது மெனு அண்ணனின் வேலை. எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்ட பிறகும் கம்பெனி அவரிடம் ஒரு சின்னக் கேமராவைக் கொடுத்து வைத்திருந்தது. ஓரமெல்லாம் பெயின்ட் போய், மூலையில் நசுங்கி, பார்க்க அதுவே ஒரு குட்டி கன்டெய்னர் மாதிரி இருக்கும்.

மற்ற ஷிஃப்டுகாரர்கள் அதை, தானே எல்லாம் பார்த்துக்கொள்கிற ஆட்டோவில் வைத்து, டப்பு டப்பென்று எடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அண்ணனுக்கு அது ஆகாது. ஆட்டோவில் போகவேண்டுமென்றால் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓடுகிறது, கேமராவை எதற்கு ஆட்டோவில் வைக்கவேண்டும் என்பார். இத்தனை செட்டிங்கையும் யார்தான் உபயோகிக்கப் போகிறார்கள் என்று ஒருநாள் நான் கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

"அப்டி சொல்லாத தங்கச்சி. ஒவ்வொண்ணையும் எவனோ ஒருத்தன் எங்கியோ குந்திகினு ரோசன பண்ணி வெச்சிகிறான். நாம ஒருவாட்டி கூட தொடாம போனா அவன் மனசு இன்னா பாடுபடும்?"

இந்தக் கருணையால் அதிகம் அவதிப்பட்டவர் எங்கள் மேனேஜர். யார்டில் சாயங்காலம் எரிகிற விளக்கு மஞ்சள். அந்த வெளிச்சத்தில் ஆரஞ்சுப் பெயின்டும் துருவும் படத்தில் ஒரே நிறமாக வரும். கேமராவுக்குள் இதற்கு ஒரு வழி இருப்பதை அண்ணன் கண்டுபிடித்தார். அந்த வெளிச்சத்திலேயே வெள்ளையாக ஒன்றைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டால், மற்ற நிறங்களை அது தானாகவே சரிபண்ணிக்கொள்ளும். ஆனால் எங்கள் யார்டில் வெள்ளைக்கு எங்கே போவது? நிலக்கரித் தூசியில் சுவர் கறுப்பு, மேசை கறுப்பு. யார்டு நாய் பிறந்தபோது வெள்ளை என்று வாட்ச்மேன் சொல்வார், யாரும் நம்பியதில்லை. மேனேஜரின் சட்டை ஒன்றுதான் வெள்ளை.

அதனால் தினமும் விளக்குப் போட்டதும் மேனேஜர் வெளியே வந்து கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு நிற்கவேண்டும். அண்ணன் குனிந்து அவர் வயிற்றை மட்டும் படம் முழுக்க நிரப்பி எடுப்பார். தலைமை ஆபீசிலிருந்து வந்த ஒருவர் இதைப் பார்த்துத் திகைத்து, என்ன நடக்கிறது என்று கேட்டார். மேனேஜர் அசையாமல் நின்றபடியே, துரு பார்க்கிறார்கள் சார் என்றார்.

கன்டெய்னரில் பொடி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவேண்டும். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே ஓட்டை. மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்துவிடுவார்கள். அண்ணன் கேமராவைத் தரையில் மல்லாத்தி வைத்து, ஷட்டர் வெகுநேரம் திறந்தே இருக்கிற செட்டிங்கைப் போட்டுவிட்டு, இருட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படி ஒருநாள் உள்ளே இருந்தபோது, தெரியாமல் கிரேன்காரர் கன்டெய்னரைத் தூக்கிவிட்டார். நாங்கள் கத்தி, இறக்கவைத்து, கதவைத் திறந்தோம். ஆள் வெலவெலத்துப் போயிருப்பார் என்று பார்த்தால், படம் ஷேக் ஆகிவிட்டது என்று எங்களைக் கோபித்துக்கொண்டார்.

மறுபடி எடுத்த படத்தில் கூரைத் தகடு கறுப்பு வானமாகி, ஓட்டைகள் எல்லாம் நட்சத்திரமாக இறைந்து கிடந்தன. மேனேஜர் அதைப் பார்த்து, இவ்வளவு ஓட்டையா என்று தலையில் கைவைத்தார். அண்ணன் அதைப் பிரின்ட் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனார். அவர் மனைவி தனம் அதைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைத்து, இதைப் போய் ஓட்டை என்று சொல்லாதே என்று அவரை அதட்டினாராம்.

தனக்கா காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் கூடை எடுத்து, கல்மண்டபம் பக்கம் தெருத்தெருவாக விற்பவர். பெரிய குரல், அதைவிடப் பெரிய மனசு. ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் திரும்பி வரும்போது பையில் ஏதாவது ஒரு மீன் இருக்கும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இரண்டு பேருமே பேசமாட்டார்கள். நானும் கேட்டதில்லை.

இவ்வளவு பெரிய கேமராக்காரரின் வீட்டில் தனக்காவின் படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. அண்ணன் கேமராவைத் தூக்கியதும் அக்கா சிரிப்பார். அண்ணன் வெளிச்சத்தைக் கூட்டுவார், குறைப்பார், முகத்தில் மட்டும் வெளிச்சத்தை அளக்கிற செட்டிங்கைத் தேடுவார். சிரிப்பு காய்ந்துபோகும். கடைசியில் அவர் அழுத்துகிற நேரத்தில் அக்கா கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார், இல்லையென்றால் அடுப்பில் என்ன கருகுகிறது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னந்தலைப் படங்களே ஒரு ஆல்பம் அளவுக்கு இருந்தன. வெளிச்சம் மட்டும் எல்லாவற்றிலும் பிரமாதமாக இருக்கும்.

பிறகு ஒரு கோடையில் தனக்காவுக்குக் கூடை கனத்தது. பசியில்லை என்றார். வயிறு உப்பி, கண் மஞ்சளானது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி, பத்தியச் சோறு என்று தெருவில் சொன்னதையெல்லாம் செய்தார்கள். ஒன்றுக்கும் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஈரலில் கட்டி என்றும், முற்றிவிட்டது என்றும், வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் இதை ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது வேறு விதமாக. அந்த வாரம் அவர் எடுத்த படங்கள் எல்லாம் மளமளவென்று என் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தன. லாரிகள் வாசலில் தேங்கவில்லை. மேனேஜரை யாரும் வெளியே கூப்பிடவில்லை. முதலில் சந்தோஷப்பட்ட மேனேஜர், அப்புறம் விளக்குப் போட்ட பிறகு வாசலுக்கு வந்து வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் ஒரு படத்தைத் திறந்து அதன் விவரத்தைப் பார்த்தேன். ஆட்டோ. அடுத்ததும் ஆட்டோ. எல்லாமே ஆட்டோ.

கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டில் என்ன அண்ணே என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

கொஞ்ச நாளில் தனக்காவே எனக்குப் போன் பண்ணினார். குரல் பாதியாகியிருந்தது, ஆனால் அதட்டல் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து தனக்குத் தலைசீவிப் புடவை கட்டிவிடவேண்டும், போட்டோ எடுக்கவேண்டும் என்றார். அவருடைய அம்மா செத்தபோது வீட்டில் படம் எதுவும் இல்லையாம். ரேஷன் கார்டில் இருந்ததைப் பெரிதாக்கி மாட்டினார்களாம். நெற்றி நடுவில் பாதி முத்திரை, பார்க்கப் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கும் என்றார். இன்றைக்கும் அந்தப் படத்துக்கு விளக்கேற்றும்போது தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்றார்.

"என் மூஞ்சி என் மூஞ்சியா கீறப்பவே எடுத்துடணும்டி. அந்தாளு கைல சொன்னா எழுந்து வெளிய போய்ட்து. நீ வந்து சொல்லு."

நான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அண்ணன் கேமராவுக்குச் சார்ஜ் போட்டு வைத்திருந்தார்.

பச்சைப் புடவை ஒன்றை அக்கா எடுத்து வைத்திருந்தார். இடுப்பில் நிற்கவில்லை, பின் மேல் பின்னாகக் குத்தினேன். சீப்பில் முடி நிறைய வந்தது. நான் அதை மறைத்துச் சுருட்டியதை அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பூ வைத்தேன். அண்ணன் அவரைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரவைத்தார். பின்னால் துறைமுகத்துக் கிரேன்கள் வரிசையாகத் தெரிந்தன. நல்ல காற்று.

முகத்து மஞ்சள் படத்தில் தெரியுமா என்று அக்கா கேட்டார். தெரியாது என்றார் அண்ணன். தன் பையிலிருந்து, துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன ஒரு மஞ்சள் துணிப்பையை எடுத்தார். ஏதோ கல்யாணத்தில் தாம்பூலத்துக்குக் கொடுத்தது. அதைச் சுவரில் என்னை விரித்துப் பிடிக்கச் சொல்லி, மேனேஜரின் சட்டையை எடுப்பது போல நிறைத்து எடுத்தார். வெள்ளைக்குப் பதிலாக வெளிர்மஞ்சளைக் காட்டி இதுதான் வெள்ளை என்று நம்பவைத்துவிட்டால், அது எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் மஞ்சளைக் கழித்துவிடும் என்று எனக்கு மெதுவாக விளக்கினார்.

"அதுகிட்ட பொய் சொல்லிகிறேன் தங்கச்சி. பாவம், நம்பிட்ச்சி."

சோதித்துப் பார்க்க என்னை அக்கா பக்கத்தில் நிற்கவைத்து ஒன்று எடுத்தார். திரையில் கிரேனும் வானமும் லேசாக நீலம் பாரித்திருந்தன. நான்கூட நீலமாக இருந்தேன். தனக்காவின் முகம் மட்டும் முன்பு கூடையோடு தெருவில் வந்த முகமாக இருந்தது.

எல்லாம் தயார். இனி அழுத்தவேண்டியதுதான். அண்ணன் கேமராவைக் கண்ணுக்கு நேரே தூக்கினார். இறக்கினார். லென்ஸைத் துடைத்தார். வெளிச்சம் மாறிவிட்டது என்றார், மாறவில்லை. மெனுவைத் திறந்தார், மூடினார். அக்கா வழக்கம் போலச் சிரித்தபடி இருந்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துக்கொண்டிருந்தது.

"யோவ், ஆட்டோல போட்டு அமுக்கேன்யா," என்றார் அக்கா.

அண்ணன் கேமராவைப் பிடித்தபடியே தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. நான் கேமராவைக் கொடுங்கள், நான் எடுக்கிறேன் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்து, விடு என்பது போலக் கண்ணைக் காட்டினார். கீழே தெருவில் யாரோ பைக்கைக் கிளப்ப உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர் எழுந்தார். முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கேமராவைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்து, அடியில் ஒரு ஓட்டுச் சில்லைச் செருகினார். அந்தக் கேமராவில் ஆள் ஓடிவந்து நிற்கும் வரை காத்திருந்து எடுக்கிற டைமர் உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை எடுத்ததோடு விடாமல், அடுத்தடுத்துத் தானாகவே எடுத்துக்கொண்டே போகச் சொல்ல அதற்கு உள்ளேயே இன்னொரு செட்டிங் உண்டு. அதைப் போட்டு அழுத்திவிட்டு, ஓடிவந்து அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தார்.

"நீ ஏன்யா வர? எனக்கு மால போடறப்போ உனக்கும் சேத்து போட்டுடுவாங்க."

"போடட்டும்," என்றார் அண்ணன்.

முதல் படத்துக்கு இரண்டு பேரும் விறைப்பாக இருந்தார்கள். கேமரா சொடுக்கியது. முடிந்துவிட்டதா என்று அக்கா கேட்டார், அது மறுபடி சொடுக்கியது. இப்போது முடிந்ததா என்றார், இன்னொரு சொடுக்கு. எத்தனைடா எடுக்கும் இது என்று அவர் கேட்டபோதும் எடுத்தது. அவர் அண்ணனை 'டா' போட்டுப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போட்டோவுக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, மீன் விற்கும்போது யாரையாவது கிண்டலடித்துவிட்டுத் தானும் தாங்காமல் சிரிப்பாரே, அது. சிரித்ததில் வயிறு வலித்து அப்படியே சாய்ந்தார். அண்ணன் தலையோடு அவர் தலை முட்டிக்கொண்டது. அண்ணனும் சிரித்தார். கேமரா அதையும் எடுத்துவிட்டு நின்றது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் தனக்கா போய்விட்டார்.

தெருவில் சாவு என்றால் முதலில் வேண்டியது பேனர். தனக்காவின் அண்ணன், காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர், பேனருக்குப் படம் கேட்டார். மெனு அண்ணன் அந்தக் கடைசிப் படத்தைக் கொடுத்தார். தலையோடு தலை ஒட்டியிருக்கிற படம். அண்ணனை மட்டும் வெட்டினால் அக்காவின் கன்னத்தில் பாதி மீசை இருக்கும், மீசையை எடுத்தால் அக்காவுக்குக் கன்னம் போய்விடும். பிரின்ட் போடுகிறவர் ஏதோ செய்து பார்க்கிறேன் என்றார். அண்ணன் கூடாது என்றார்.

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று தெரு ஆட்கள் கூடியிருந்தார்கள். உயிரோடு இருக்கிற ஆளுக்கு மாலை போடுவார்களா, கண்ணீர் அஞ்சலி என்று எழுதுவார்களா, வீட்டுக்கு இன்னொரு துர்ச்சகுனம் வேண்டுமா என்று மழையில் நின்று சத்தம் போட்டார். வேறு படம் கொடு, அவள் தனியாக இருக்கிற படம் ஒன்றுகூடவா எடுக்கவில்லை, நீயெல்லாம் என்ன கேமராக்காரன் என்று கேட்டார். அவரும் அழுதுகொண்டுதான் கேட்டார்.

அண்ணன் குரலை உயர்த்தவில்லை.

"அவ தனியா கீற போட்டோ எங்கிட்ட இல்ல மச்சான்."

மச்சான் படத்தை அப்படியே போடச் சொல்லிவிட்டுப் போய்ப் பந்தலுக்குக் கயிறு கட்ட ஆரம்பித்தார்.

அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள், எங்களுக்கும் அன்றைக்கு அப்படித்தான் ஆனது. தெரு முனையில் பேனரைப் பார்த்தவர்கள் எல்லாம் இரண்டு பேருமே போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் கிரேன்காரர் முனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். அன்றைக்குக் கன்டெய்னரோடு தூக்கினேனே என்று வாசலில் விழுந்து அழுதவருக்கு, ஒரு கை தோளைத் தொட்டு டீ நீட்டியது. நிமிர்ந்து பார்த்தார், மெனு அண்ணன். டீ அவர் மடியில் கொட்டியது. மறுநாள் ஆபீசுக்கு ஒரு கம்பெனியிலிருந்து துக்கம் விசாரித்துப் போன் வந்தது. தன்னிடம் இருந்த யார்டுச் சாவியைக் கொடுக்க வந்திருந்த அண்ணனே அதை எடுத்து, தன்னைப் பற்றி அவர்கள் சொன்ன நல்ல வார்த்தைகளை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, வைத்துவிட்டார். பாவம், வருத்தப்பட்டுப் பேசுகிறார்கள், எப்படி நிறுத்துவது என்றார்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள், கேமராவை என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். பகல் முழுக்கப் படங்கள் ஆட்டோவிலேயே வந்தன. சாயங்காலம் விளக்குப் போட்டார்கள். கதவருகே அவர் குரல் கேட்டது, சார், கொஞ்சம் வெள்ளை வேண்டும் என்று. மேனேஜர் பேனாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். வெளியே போய், கைகளைத் தொங்கவிட்டு, நேராக நின்றார். அண்ணன் எடுத்து முடித்து நகர்ந்த பிறகும், இன்னும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும் என்பது போல, அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

எனக்குக் கல்யாணமாகி மாத்தூர் வந்தாயிற்று. யார்டும் கைமாறிவிட்டது. அண்ணனுக்கு இப்போது வேலை இல்லை. போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். அந்தப் படம் கூடத்துச் சுவரில் இருக்கிறது. மாலை இரண்டு பேர் கழுத்தையும் சுற்றித்தான் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், அவரைப் பார்ப்பார்கள், பிறகு தண்ணீர் கேட்பார்கள் என்றார்.

என்னைச் சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்காரவைத்து, வஞ்சிரம் போட்டுக் குழம்பு வைத்தார். அக்கா வைக்கிற மாதிரியே வைக்கப் பழகிவிட்டேன், எப்படி இருக்கிறது, மறைக்காமல் சொல் என்று எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். புளி ஏகத்துக்கு இருந்தது, உப்பு சுத்தமாக இல்லை. நான் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் போடுங்கள் அண்ணே என்றேன்.